கங்கம்மா கடாவும் எங்கள் கரட்டு மாங்கன்றுகளும்

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், ஒப்புக்கொண்ட பெருமையும் எனக்கு இல்லாமல் போகும். மாங்கன்றுகள் ஆட்டு வாயிலிருந்து தப்ப வேண்டும் என்று சாமிக்கு ஓர் ஆட்டையே நேர்ந்துவிட்டவன் நான். நேர்ந்துவிட்ட ஆட்டைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது. அது எங்கே வேண்டுமானாலும் போகும், எதை வேண்டுமானாலும் தின்னும். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். என்னைக் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். வேண்டிக்கொண்ட அந்த ஒரு நிமிடம் என்னை யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊருக்குப் புத்தலப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும். எங்கள் தெருவில் இருபது வீடு. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து யாருக்கும் ஒரு முழம் சொந்த நிலம் இருந்ததில்லை. அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை பிடுங்கி, கரும்பு வெட்டி, அவர்கள் கொடுத்த கேழ்வரகில் களி கிண்டித் தின்றவர்கள். பிறகு சர்க்கார் எங்களுக்கும் பட்டா கொடுத்தது. கொடுத்த இடம் ஊருக்கு மேற்கே இருந்த கரடு. அங்கே மண்ணைத் தேட வேண்டும். கல்லைத் தேட வேண்டாம், அதுவே வந்து காலில் முட்டும். அதிலும் கொள்ளு விதைத்தோம், கேழ்வரகு விதைத்தோம். மழை இரண்டு வருஷம் ஏமாற்றியது. விதைத்த கொள்ளு திரும்பி வந்ததே பெரிய காரியம்.

அது பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஏறிய காலம். கம்ப்யூட்டர் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அதை வைக்கப்போகிற மாடிக்கு எத்தனை தட்டு ஜல்லி சுமக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். பங்குனி பிறந்தால் மேஸ்திரி லாரியோடு வருவார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும், சட்டி பானையும், ஒரு மூட்டை துணியும் ஏறும். மழை விழுந்தால் திரும்புவோம். நானும் என் மனைவியும் அப்படி இரண்டு கோடை போய் வந்தவர்கள். கட்டடத்துக்கு அடியில் தகரக் கொட்டகை. அதற்குள் பகலில் நிற்க முடியாது, மழை பெய்தால் படுக்க முடியாது. எங்களுக்கு மேலே எத்தனை மாடி என்று எண்ணி வைத்திருந்தேன். வேறென்ன பொழுதுபோக்கு இருந்தது?

அந்தச் சமயத்தில்தான் தோட்டக்கலை ஆபீசர் வந்து கரட்டில் மரம் வைக்கும் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஒட்டு மாங்கன்று இலவசம். வரப்பில் முருங்கையும் சீத்தாவும் வைத்துக்கொள்ளலாம், நடுவில் கொள்ளும் துவரையும் போடலாம். மா காய்க்க நாலைந்து வருஷம் ஆகும், அதுவரை மற்றவை சோறு போடும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கோடை முடியும்போது வந்து எண்ணுவார். வைத்ததில் முக்கால்வாசி உயிரோடு இருந்தால் கரட்டுக்கு ஒரு போர்வெல் போட்டுத் தருவார்கள். இல்லாவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும்.

போர் வந்தால் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் ஊரிலேயே இருந்து ஊரிலேயே தின்னலாம். கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடையில் மேஸ்திரியோடு போகாமல் இருந்து, ஊர்க் கிணற்றிலிருந்து கன்றுகளுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். பாதிப் பேர் தயங்கினார்கள். நான் எழுந்து நின்று பேசினேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், நாலு பேர் உட்கார்ந்திருந்தால் எழுந்து நின்றுவிடுவேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. கடைசியில் எல்லாரும் சரி என்றார்கள்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி சொன்னாள்.

“அங்க மாடி மாடியா தண்ணி தூக்கனேன். இங்க நம்ம கன்னுக்குத் தூக்கறேன். ஆனா இந்த ஒரு கோட தான். கன்னு செத்துப் பூட்டா அப்பால நீ எங்க கூப்ட்டாலும் லாரி ஏறணும். எனக்கு அந்தத் தகரக் கொட்டாய்க்குத் திரும்பிப் போவ மனசில்ல.”

அவள் இத்தனை நீளமாகப் பேசுகிறவள் இல்லை. அதனாலேயே எனக்குப் பயம் வந்தது. இருபது வீட்டையும் லாரி ஏறவிடாமல் நிறுத்தியது என் வாய். கன்று செத்தால் இருபது வீடும் என் வாயைப் பார்க்கும்.

கன்று வைத்தோம். எங்கள் பங்குக்கு எண்பது. முழங்கால் உயரம், உச்சியில் நாலு இலை. ஆடுகளை யாரும் கரட்டுப் பக்கம் ஓட்டக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டோம். மீறினால் அபராதம். அபராதம் போட வேண்டும் என்று அதிகம் கத்தியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் ஆடுகளை வீட்டில் கட்டித் தழை வெட்டிப் போட்டார்கள். என் மனைவி வளர்த்த ஏழு ஆடுகளும் கட்டுத்தறியில் நின்றன.

மாசி கடைசியில் வெயில் ஏறியது. கன்றுகளில் சில இலை சுருட்டின. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊர் எல்லையில் இருக்கும் கங்கம்மா கோயிலுக்குப் போனேன். அம்மவாரு என்றால் எங்களுக்கு அவள்தான். தாயே, இந்தக் கன்றுகளை ஆடு மாடு வாயிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பாற்றிக் கொடு, ஜாத்திரைத் திருவிழாவில் உனக்கு ஒரு கடா வெட்டுகிறேன் என்றேன். வெறும் வாயால் சொன்னால் போதுமா? கையோடு கட்டுத்தறிக்குப் போய், இருந்ததில் கொழுத்த கடாவாகப் பார்த்து அவிழ்த்தேன். பூசாரி அதன் காதில் ஒரு சிறு வெட்டுப் போட்டார், கழுத்தில் மஞ்சள் துணி கட்டினார், நான் ஒரு வெண்கல மணியும் வாங்கிக் கட்டினேன். மணி என் சொந்த யோசனை.

கடா இரண்டு அடி நடந்து நின்றது. கயிறு இல்லை என்பது அதற்குப் புரிய அவ்வளவு நேரம்தான் ஆனது. பிறகு நேராக மேற்கே நடந்தது.

மணிச் சத்தம் கரட்டின் மேல் ஏறுவதைக் கேட்டபோதுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால் முதல் வரிசையில் மூன்று கன்றுகளுக்கு உச்சி இல்லை. கடா நாலாவதை மென்றுகொண்டு, தெரிந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தது.

கையைத் தட்டினேன். பக்கத்துக் கொல்லையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மைத்துனன் பதறிப்போனான். “மாமா, அம்மவாரு கடாவையா தொரத்தற? ஊருக்கு எதுனா ஆயிட்டா?” என்றான். நான் தட்டிய கையை அப்படியே கூப்பிக் கும்பிட்டேன்.

என் மனைவியிடம் சொல்ல மூன்று மணி நேரம் வார்த்தை தேடினேன். அவள் கட்டுத்தறியில் ஆறு ஆடு நிற்பதைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். திட்டியிருந்தால் ராத்திரி களியாவது ஒழுங்காக இறங்கியிருக்கும்.

அடுத்த பத்து நாள் நான் செய்த தந்திரங்களை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. முதலில், களி உருண்டையைக் காட்டி கடாவை ஊருக்குக் கிழக்கே கூட்டிப்போனேன். அது உருண்டையைத் தின்றது, என்மேல் அன்பு வைத்தது, அதன்பின் நான் போகும் இடமெல்லாம் வந்தது. நான் போகும் இடம் கரடு. பிறகு சாணியைக் கரைத்துக் கன்றுகளின்மேல் தெளித்தேன். அது ஓரளவு வேலை செய்தது. ஆனால் காய்ந்து உதிர்ந்ததும் கடா விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அது எங்கள் கொல்லை, அடுத்தவர் கொல்லை என்று வித்தியாசம் பார்க்கவில்லை. சாமி ஆட்டுக்கு எல்லாரும் ஒன்று.

ஊர் ஆட்களுக்கு என்னைத் திட்டவும் வழியில்லை, திட்டினால் அது அம்மவாருக்குக் கொடுத்ததைத் திட்டியதாகிவிடும். அதனால் மரியாதையாக விசாரித்தார்கள். உங்க கடா இன்னிக்கு எங்க கொல்லையில அஞ்சு துன்னுட்டுது நைனா, சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன் என்பார்கள். நான் உட்காரச் சொல்வேன். அவர்கள் உட்கார மாட்டார்கள்.

பூசாரியிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டேன். கன்று எண்ணிப் போகும்வரை மட்டும் கடாவைக் கட்டி வைக்க ஏதாவது வழி உண்டா? அவர் யோசித்து, நம்மால் முடிவு செய்ய முடியாது, தாயையே கேட்போம் என்றார். கேட்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் தாய் சம்மதித்துவிட்டாள்.

தெளித்தோம். கடா நின்றது. இன்னொரு செம்பு தெளித்தோம். பூசாரி கையிலிருந்த வேப்பிலையைத் தின்றது. மூன்றாவது செம்பை முழுசாக ஊற்றினோம். வெயிலுக்கு இதமாக இருந்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. சுற்றி நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். எனக்குத்தான் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் என் சிலிர்ப்பைப் பூசாரி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கடா மேல்வரிசைக் கன்றுகள் பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, விரட்டாமல், கும்பிட்டபடியே அதற்கு முன்னால் ஓடி மறிக்கப் பார்த்தேன். கையைக் கூப்பிக்கொண்டு கரட்டில் ஓடக்கூடாது. இது அனுபவத்தில் சொல்வது. உருண்டு போய் ஒரு பாறையில் நின்றேன். கண்ணைத் திறந்தபோது மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. கடா கிட்ட வந்து என் சட்டைப் பையில் களி உருண்டை இருக்கிறதா என்று மோந்து பார்த்தது.

எலும்பு என்றால் எங்களுக்குப் புத்தூர்தான். மைத்துனன் கூட வந்தான். திருப்பதியில் பஸ் மாறிப் போய், கையை இழுத்துச் சேர்த்து, பச்சிலை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். மறுபடியும் கட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி இரண்டு நாள் அங்கேயே தங்க வைத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எப்படி உடைந்தது என்று கேட்டார். மாமரத்திலிருந்து விழுந்தேன் என்றேன். எவ்வளவு உயரம் என்றார். மைத்துனன் குனிந்து தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊருக்குள் நுழைந்தோம். மூன்று நாள் நான் இல்லை. என்னால் பெரிய பயன் இல்லைதான், ஆனாலும் கும்பிடவாவது ஓர் ஆள் இருந்தது. பெங்களூர் கொட்டகையின் தகரம் கண்ணுக்குள் பளபளத்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே கரட்டுக்குப் போனேன்.

முதலில் எனக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று இருந்தது. கரட்டில் ஒரு கன்றும் கண்ணில் படவில்லை. அதற்குப் பதிலாக வரிசை வரிசையாக இடுப்பு உயர முள் கும்பல்கள் நின்றன. கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முள் கும்பலுக்கு நடுவிலும் ஒரு மாங்கன்று, அதன் அடியில் மல்லாட்டைத் தொலி பரப்பியிருந்தது, அதில் ஈரம்கூட இருந்தது. உச்சி போன கன்றுகள் பக்கவாட்டில் துளிர் விட்டிருந்தன.

கீழே பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வற்றிய ஏரிக்குள் காடாய் வளர்ந்திருந்த வேலிக்காத்தான் முள்ளை வெட்டி, கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வந்தார்கள். இருபது வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். முன்னால் என் மனைவி. கையெல்லாம் கீறல், முந்தானையெல்லாம் கிழிசல். கட்டை இறக்கி வைத்துவிட்டு என் கைக்கட்டை ஒரு முறை பார்த்தாள்.

“கடாவை ஒன்னும் பண்ணக்கூடாது, சரி. கன்னுக்கு முள்ளு கட்டக்கூடாதுன்னு அம்மவாரு எங்கனா சொல்லிக்கீதா?”

நாங்கள் ஆண்கள் இருபது பேரும் பத்து நாளாக ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கன்றைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம். நான் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன்.  கடா ஒரு முள் கும்பலைச் சுற்றி இரண்டு தரம் வந்து, மூக்கில் குத்து வாங்கி, தும்மிவிட்டு ஏரிப் பக்கம் இறங்கிப் போனது.

அதன் பிறகு அந்தக் கோடை முழுக்க நான் செய்த வேலை ஒற்றைக் கையால் செம்பு தூக்கியதுதான். முள் வெட்டியதும் தண்ணீர் சுமந்ததும் மற்றவர்கள். சித்திரையில் வழக்கம் போல வெளியூர் ஆட்டுக்காரர்கள் பெரிய மந்தைகளோடு எங்கள் பக்கம் வந்தார்கள். எங்கள் கட்டுப்பாடு அவர்களைக் கட்டாது. ஒரே பகலில் மந்தை கரட்டைக் கடந்து போனது. பக்கத்து ஊரிலும் அதே திட்டத்தில் கன்று வைத்திருந்தார்கள், அவர்கள் கரட்டில் குச்சிகள் மட்டும் மிஞ்சின. எங்கள் கரட்டில் முள்ளுக்கு வெளியே நீட்டிய இலைகள் மட்டும் போயின. எங்கள் கடா ஊரில் இல்லாமல் இருந்திருந்தால் நாங்களும் முள் கட்டியிருக்க மாட்டோம். இதை நான் அன்றே ஊரில் சொல்லிப் பார்த்தேன். யாரும் என்னைத் தூக்கிக் கொண்டாடவில்லை.

எண்ணும் நாள் வந்தது. அதே நாளில் மேஸ்திரியின் லாரியும் ஆள் போதாமல் இரண்டாம் நடைக்கு வந்து புளியந்தோப்பு ஓரம் நின்றது. ஆபீசர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று மூட்டை கட்டியவர்களும் இருந்தார்கள். ஆபீசர் நோட்டோடு கரட்டில் ஏறினார், ஊரே பின்னால் ஏறியது. ஒவ்வொரு முள் கும்பலையும் எட்டிப் பார்த்து எண்ணினார். பாதியில் மணிச் சத்தம் கேட்டது. கடா வந்து அவர் கையிலிருந்த நோட்டை மோந்தது. “ஈ மேக்க எவரிதி?” என்று கோபமாகத் தெலுங்கில் கேட்டார், இந்த ஆடு யாருடையது என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி முந்திக்கொண்டு “அம்மவாரிதி சார்” என்றாள். ஓங்கிய கையை ஆபீசர் மெதுவாகக் கன்னத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். நோட்டை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீதியை எண்ணி முடித்தார்.

எங்கள் எண்பதில் எழுபத்தொன்று. மற்றக் கொல்லைகளிலும் கிட்டத்தட்ட அப்படியே. போர் நிச்சயம் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

லாரி காலியாகத் திரும்பவில்லை. மூன்று வீட்டுக்காரர்கள் ஏறத்தான் செய்தார்கள், அவர்களுக்கு வேறு தொல்லைகள் இருந்தன. ஆனால் பதினேழு வீட்டு மூட்டைகள் அவிழ்ந்தன. என் மனைவி எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி அவிழ்த்து, உள்ளே இருந்த மாற்றுச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். மூட்டை கட்டியதே எனக்குத் தெரியாது. எப்போது கட்டினாய் என்று கேட்டதற்கு, நான் புத்தூர் போன அன்று என்றாள். முள் வெட்டப் போவதற்கு முன்னால் மூட்டையையும் கட்டி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

ஜாத்திரையில் பூசாரி கடாவின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். முதல் சொட்டிலேயே அது உடம்பை உதறிச் சிலிர்த்தது. நான் கடைசியாக ஒரு களி உருண்டையை அதன் வாயருகே நீட்டினேன். ஒரு கோடை முழுக்க என் பின்னாலேயே வந்த ஜீவன். இரண்டு தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

போர் வந்தது. முதலில் முருங்கை, பிறகு கொள்ளும் துவரையும், மூன்றாம் வருஷம் சீத்தா. எங்கள் அடுப்புக்கு வேண்டியது எங்கள் கரட்டிலிருந்தே இறங்கியது. ஐந்தாம் வருஷம் மா காய்த்தது. ஜூஸ் பேக்டரி லாரிகள் அதே புளியந்தோப்பு ஓரம் வந்து நிற்கத் தொடங்கின. இந்த லாரியில் ஏறினவை மாங்காய்கள் மட்டும். எங்கள் பிள்ளைகள் பெங்களூருக்குப் போனார்கள்தான், ஆனால் மாடிக்கு லிப்டில் போனார்கள்.

இந்தத் தை மாதம் மரங்கள் இலை தெரியாமல் பூத்திருக்கின்றன. இத்தனை பூவைப் பார்த்தால் எனக்குப் பழைய பயம் வந்துவிடும். பனி கொட்டுகிறது, பூச்சி வருகிறது, என்ன ஆகுமோ. நேற்று சாயங்காலம் இரண்டு பேரும் கரட்டில் உட்கார்ந்திருந்தோம். பழைய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தேன். பூவெல்லாம் காயா நின்னுட்டா இந்த வருஷம் கங்கம்மாவுக்கு ஒரு கடா வுட்டா இன்னா மே என்று கேட்டேன்.

அவள் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தேங்கா ஒட.”